டெபியனுக்குத் தன்னார்வமாக உழைக்க விரும்புகிறேன்: நிரலாளர் அல்லாத நான் எங்கே தொடங்குவது?

எறும்பு எழுதியது:

வணக்கம். ஆறு ஆண்டுகளாக என் மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் மட்டுமே ஓடுகிறது. கணக்கு எழுதுவது என் தொழில், நிரலாளர் அல்லன். பைத்தானில் சின்னச் சின்ன உரைநிரல்கள் எழுதுவேன், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைக் கண்டால் பயமில்லை. அவ்வளவுதான் என் கைமுதல்.

இத்தனை ஆண்டுகளாக வாங்கிக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் கொடுக்கவில்லை என்பது உறுத்துகிறது. மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். முதல் முறை, பங்களிப்பாளர்களுக்கான கையேடுகளைத் திறந்தேன். ஒன்று இன்னொன்றைப் படிக்கச் சொன்னது, அது மற்றொன்றை. ஒரு வார இறுதி முழுவதும் படித்துக் களைத்ததுதான் மிச்சம். இரண்டாம் முறை மடலாற்றக் குழு ஒன்றில் சேர்ந்தேன். வந்து குவிந்த மடல்களில் எனக்குப் புரிந்தவை பத்தில் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் முறை, புதியவர்களுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டிருந்த ஒரு வழுவை, அதாவது மென்பொருள் பிழையை, எடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஏற்கெனவே இரண்டு பேர் அதே வழுவுக்குத் திருத்தம் அனுப்பிக் காத்திருக்கிறார்கள்.

வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்னால் உறுதியாகத் தர முடியும். எங்கே தொடங்கட்டும்? நிரல் எழுதாதவனுக்கு உண்மையிலேயே அங்கே வேலை இருக்கிறதா, அல்லது அது மரியாதைக்குச் சொல்லப்படுவதா?

—

பழைய விசைப்பலகை எழுதியது:

தம்பி, மரியாதைக்குச் சொல்லப்படுவது இல்லை. நான் டெபியனில் சில பொதிகளை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்களை, பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். எனக்கு இன்று ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்தால் அவரிடம் புதிய நிரல் எழுதச் சொல்ல மாட்டேன். பழைய வழு அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இது இன்னும் நடக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்வேன்.

டெபியன் 1997-இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், குறைகளை மறைக்க மாட்டோம் என்று ஒரு வாக்குறுதி இருக்கிறது. அதனால் வழு அறிக்கைகள் பதிவாகும் வழுத்தளம் முழுவதும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கடவுச்சொல் வேண்டியதில்லை. மின்னஞ்சல் முகவரி ஒன்று போதும். ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு முகவரி. நீங்கள் எழுதும் மடல் அப்படியே அந்த வழுவின் பக்கத்தில் பதிவாகிவிடும்.

பட்டியலிலிருந்து வேலையைத் தேடாதீர்கள். அங்கேதான் உங்கள் மூன்றாம் முயற்சி இடறியது. புதியவர்களுக்கான குறி இட்ட வழுக்களை ஊரே மொய்க்கும். நீங்கள் நாள்தோறும் திறக்கும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழுப் பட்டியலைத் திறந்தால் முப்பது, நாற்பது அறிக்கைகள் இருக்கும். பாதி, இன்று யாரிடமும் இல்லாத பழைய பதிப்பைப் பற்றியவை. ஒரு மெய்நிகர் கணினியில், அதாவது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் தனிக் கணினியில், டெபியனின் நிலையற்ற கிளையை நிறுவுங்கள்; புதிய பதிப்புகள் முதலில் வந்து சேரும் அந்தக் கிளையைச் சிட் என்றும் அழைப்பார்கள். பழைய அறிக்கையில் சொன்ன படிகளை அதில் அப்படியே செய்து பாருங்கள். பிறகு எழுதுங்கள்: எந்தப் பதிப்பில் சோதித்தேன், என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. நான்கே வரிகள். அந்த நான்கு வரிகள் என் போன்றவர்களுக்கு ஒரு மாலைப் பொழுதை மிச்சப்படுத்தும்.

வழுவை நீங்களே மூடிவிட வேண்டாம். மூடும் முடிவைப் பராமரிப்பாளரிடம் விடுங்கள். தளத்தின் இயந்திரம் யார் சொன்னாலும் கேட்கும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

—

தூக்கணாங்குருவி எழுதியது:

ஐயா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. மற்றவர் புகார்களைத் தூசி தட்டுவதில் தொடங்கியவர்கள் சலித்துப் போய் ஒரு மாதத்தில் காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். உங்களை எரிச்சலூட்டிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எரிச்சல் நல்ல எரிபொருள்.

நான் நுழைந்தது ஆவணத்தின் வழியாக. ஒரு கருவியின் கையேட்டுப் பக்கத்தில் சொல்லியிருந்த கட்டளை வேலை செய்யவில்லை. இரண்டு மணி நேரம் என் கணினியில்தான் கோளாறு என்று நினைத்துத் தவித்தேன். கடைசியில் பார்த்தால் அந்தத் தெரிவின் பெயரையே முந்தைய பதிப்பில் மாற்றிவிட்டார்கள். கையேடு மட்டும் மாறவில்லை. ஒரு சொல்லைத் திருத்தி அனுப்பினேன். மறுநாள் காலையில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு சொல்லால் எத்தனை பேருடைய இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று: புதியவருக்கு ஒரு சாதகம் உண்டு, அது சில மாதங்களில் போய்விடும். எது புரியவில்லை என்பது புதியவருக்குத்தான் தெரியும். பழகியவர் கண்ணுக்கு அந்தப் பள்ளமே தெரியாது. எறும்பு அவர்களே, அந்த வார இறுதியில் நீங்கள் எந்த இடங்களில் தடுக்கி விழுந்தீர்கள் என்று குறித்து வைத்திருந்தால், அதுவே உங்கள் முதல் பங்களிப்பு.

—

முனையம் எழுதியது:

கையேட்டில் ஒரு சொல்லைத் திருத்துவது வேறு, பெயர் பட்டியலில் ஏறுவதற்காக எழுத்துப்பிழை தேடுவது வேறு. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் லினக்ஸ் கர்னல், அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதி, பக்கம் வேலை செய்கிறேன். நிரலின் குறிப்புரையில் இருக்கும் எழுத்துப்பிழைகளைத் திருத்தி ஐம்பது பேட்ச்கள், அதாவது திருத்தங்கள், அனுப்புகிறவர்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் திறந்து படித்து, சரிபார்த்து, சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் உண்மையான கோளாறு ஒன்றைப் பார்த்திருக்கலாம். திறந்த மூலத்தில் நிரலுக்குப் பஞ்சமில்லை, அதைப் படித்துப் பார்க்கும் கண்களுக்குத்தான் பஞ்சம். நீங்கள் அனுப்புவது அந்தக் கண்களின் சுமையைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்னலுக்கு ஒருநாள் வருவீர்கள் என்றால் சில வழக்கங்கள். பேட்ச் வெற்று உரையாக, மின்னஞ்சலின் உடலிலேயே வர வேண்டும்; இணைப்பாக அனுப்பினால் பதில் எழுதுவது கடினம். ஒரு பேட்ச், ஒரு மாற்றம். அனுப்பும் முன், பேட்ச்சின் வடிவத்தைச் சரிபார்க்கும் செக்பேட்ச் என்னும் உரைநிரலை ஓட்டுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டாம், அதைச் சொல்ல மூல நிரலுக்குள்ளேயே இன்னொரு உரைநிரல் இருக்கிறது. கடைசியில் உங்கள் பெயரில் ஒப்பமிட்ட வரி ஒன்று. இது 2004-இல் வந்த நடைமுறை. இந்த நிரலை இந்த உரிமத்தில் தரும் உரிமை எனக்கு உண்டு என்ற உறுதிமொழி அது. சடங்கென்று நினைத்துப் போடாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் எழுதிய நிரல் உங்களுடையதா அலுவலகத்துடையதா என்பதை முதலில் தெரிந்துகொண்டு போடுங்கள்.

விளக்கக் குறிப்பில் என்ன மாற்றினேன் என்பதை விட ஏன் மாற்றினேன் என்பதை எழுதுங்கள். என்ன என்பது பேட்ச்சிலேயே தெரிகிறது.

—

எறும்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. தடுக்கி விழுந்த இடங்களைக் குறித்து வைக்கவில்லை, அது என் தவறு. இனி ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்கிறேன்.

மனத்தில் கிடக்கும் அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அரைகுறை அறிவால் நான் தொட்ட ஏதோ ஒன்று பல்லாயிரம் பேரின் கணினியைக் கெடுத்துவிட்டால்? கணக்கில் நான் தவறு செய்தால் ஒரு நிறுவனத்தோடு போகும். இங்கே அப்படி இல்லையே.

—

பழைய விசைப்பலகை எழுதியது:

இந்த அச்சம் உங்களுக்கு இருப்பதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. பொய்யாகத் தேற்ற மாட்டேன், அப்படி நடந்திருக்கிறது.

2006-இல் டெபியனில், மறையாக்கத்துக்கு உதவும் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. நினைவகச் சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டிய இரண்டு வரிகளை நீக்கினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதில் ஒரு வரிதான் மறையாக்கச் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையை உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தது. அது போனபின், சாவி எதுவாக அமையும் என்பதை நிர்ணயிக்க எஞ்சியது இயங்கும் செயல்முறையின் எண் மட்டுமே. அது அதிகபட்சம் 32,768 வகை. கோடானுகோடி சாத்தியங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டுக்குள் எல்லாச் சாவிகளும் அடங்கிவிட்டன. 2008 மே மாதத்தில்தான் கண்டுபிடித்து அறிவித்தார்கள். உலகெங்கும் நிர்வாகிகள் சாவிகளைத் தூக்கிப்போட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

இதைச் செய்தவர் அனுபவமில்லாதவர் அல்லர். அந்த மென்பொருளை எழுதும் மூலத் திட்டத்தாரிடம் கேட்கவும் செய்தார். ஆனால் கேள்வியும் பதிலும் ஒன்றை ஒன்று சரியாகச் சந்திக்கவில்லை. திருத்தம் முறையான பேட்ச்சாக மூலத் திட்டத்துக்குப் போய்ச் சேரவும் இல்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: ஒரு வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்காதவரை அதைத் தொட மாட்டேன், எச்சரிக்கை எத்தனை வந்தாலும்.

இனி உங்கள் நிலைமை. நீங்கள் நினைத்தாலும் நேரடியாக யாருடைய கணினியையும் கெடுக்க முடியாது. புதியவருக்குப் பதிவேற்ற அனுமதி கிடையாது. நீங்கள் தயாரிக்கும் பொதியை ஏற்கெனவே உரிமையுள்ள ஒருவர் பார்த்து, தன் கையொப்பத்தோடு ஏற்ற வேண்டும். அது முதலில் நிலையற்ற கிளைக்குப் போகும். பெரிய கோளாறு எதுவும் புகாராகவில்லை என்றால், பொதுவாக ஐந்து நாட்கள் கழித்து, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் சோதனைக் கிளைக்கு நகரும். நிலையான வெளியீடு அதற்கும் அப்பால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. இடையில் தானியங்கிச் சோதனைகள் இருக்கின்றன. லின்டியன் என்ற கருவி பொதியின் அமைப்பையே குடைந்து பார்த்துக் குறை சொல்லும். முதல் தடவை அது தரும் பட்டியலைப் பார்த்து மனம் தளராதீர்கள், எல்லோருக்கும் நீளமாகத்தான் வரும்.

—

வைகறை எழுதியது:

மொழிபெயர்ப்பை யாரும் இன்னும் சொல்லவில்லையே!

நான் ஒன்பது ஆண்டுகளாக மேசைச் சூழல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நிரல் ஒரு வரிகூட எழுதியதில்லை. இதை எளிய வேலை, புதியவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. மொழிபெயர்ப்புக் கோப்பில் உங்களுக்குக் கிடைப்பது ஒற்றைச் சொல், அதைச் சுற்றி வெற்றிடம். ஆங்கிலத்தில் ஓபன் என்று இருக்கிறது. "திற" என்று கட்டளையிடுகிறதா, "திறந்துள்ளது" என்று நிலையைச் சொல்கிறதா? நான் ஊகித்து எழுதினேன். ஓராண்டு கழித்துத்தான் அந்தத் திரையை நேரில் பார்த்தேன். ஏற்கெனவே திறந்திருந்த கோப்புக்குப் பக்கத்தில் "திற" என்று நின்றுகொண்டிருந்தது. அன்று முதல் செயலியை ஓட்டிப் பார்க்காமல் ஒரு வரியையும் அனுப்புவதில்லை.

சொற்றொடருக்கு நடுவே கோப்பின் பெயரோ எண்ணிக்கையோ வந்து அமரும் இடங்களைக் குறிகளால் காட்டியிருப்பார்கள். அந்தக் குறி ஒன்று தவறினாலும் செயலி தடுமாறலாம். தமிழில் வினை கடைசியில் வருவதால் குறிகளின் வரிசையை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கென்று எண்ணிட்ட குறிகள் உண்டு, அவற்றைப் பயன்படுத்துங்கள். "ஐயம்" என்று குறிக்கப்பட்ட வரிகள் கோப்பில் இருக்கும். மூலச் சொற்றொடர் மாறியதால் பழைய மொழிபெயர்ப்பை இயந்திரம் உத்தேசமாகப் பொருத்தி வைத்தவை அவை. சரிபார்த்துக் குறியை எடுக்கும்வரை பயனர் கண்ணுக்கு அவை தெரியவே தெரியாது. நூறு விழுக்காடு முடிந்தது என்று விட்டுவிட்டு அடுத்த வெளியீட்டில் திரும்பி வந்தால், இத்தகைய வரிகள் ஐம்பது அறுபது காத்திருக்கும்.

ஒரு வேண்டுகோள். புதிய சொல்லை ஆக்கும் முன் குழுவின் சொற்பட்டியலைப் பாருங்கள். ஒரே இயங்குதளத்தில் ஒரு சாளரத்தில் "கோப்புறை", அடுத்த சாளரத்தில் "அடைவு", மூன்றாவதில் "உறை" என்றால் பயனர் மூன்று வெவ்வேறு பொருட்கள் என்றே நினைப்பார். உங்கள் சொல் மேலானதாகவே இருக்கலாம். குழுவில் வாதாடி ஜெயித்து, எல்லா இடத்திலும் ஒருசேர மாற்றுங்கள்.

—

தூக்கணாங்குருவி எழுதியது:

வைகறை அக்கா, அந்த "திற" கதையை எங்கள் குழுவின் புதியவர்களுக்குச் சொல்லப் போகிறேன். அனுமதி உண்டுதானே?

—

வைகறை எழுதியது:

தாராளமாக.

—

நீலக்குறிப்பேடு எழுதியது:

எல்லோரும் வாசலைக் காட்டுகிறீர்கள். உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு திட்டத்துக்கு, பெயர் வேண்டாம், இரண்டு வாரம் உழைத்து ஒரு பேட்ச் அனுப்பினேன். ஏழு வாரம் பதில் இல்லை. எட்டாவது வாரம் ஒரே வரி: "இது எங்களுக்குத் தேவையில்லை." ஏன் என்று விளக்கம் இல்லை. மூன்று மாதம் கழித்து ஏறத்தாழ அதே மாற்றத்தை உள்ளுக்குள் இருக்கும் ஒருவர் செய்தார், அது ஒரே நாளில் சேர்ந்தது. திருடினார்கள் என்று சொல்லவில்லை. நான் அனுப்பியது அவர் கண்ணில் படாமலேயே போயிருக்கலாம். ஆனால் வலித்தது. அதன்பிறகு ஓராண்டு எங்கும் எதையும் அனுப்பவில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் பெரியது. பெரும் நிறுவனங்கள் இந்த இயங்குதளங்களின் மேல் அமர்ந்து பணம் பண்ணுகின்றன. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒரு கணக்கர் இலவசமாக உழைத்துக் கொடுப்பது யாருக்கு?

—

முனையம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான். கர்னலில் பெரும்பகுதி வேலையைச் செய்பவர்கள் நிறுவனச் சம்பளம் பெறும் நிரலாளர்கள். அதை மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் நிறுவனம் காசு கொடுப்பது அதற்கு வேண்டிய மூலைக்கு மட்டும். பத்தாண்டு பழைய மடிக்கணினியின் ஒலியட்டை, குறைவான பேர் பேசும் மொழியின் விசைப்பலகை, பார்வையற்றவருக்கான திரைவாசிப்பான், இவற்றுக்குச் சம்பளக்காரர் வருவது அரிது. அங்கே தன்னார்வலர் இல்லையென்றால் யாருமே இல்லை. எறும்பு அவர்களின் மூன்று மணி நேரம் யாருக்குப் போக வேண்டும் என்பதை அவர்தான் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வு சம்பளக்காரருக்கு இல்லை.

உதவித்தொகையோடு கற்றுக்கொள்ள வழிகளும் உண்டு. கூகுள் 2005 முதல் நடத்தும் கோடைக்கால நிரலாக்கத் திட்டம், அவுட்ரீச்சி பயிற்சித் திட்டம் ஆகியவற்றில் டெபியனும் கர்னலும் பங்கேற்றிருக்கின்றன. தகுதி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

—

பழைய விசைப்பலகை எழுதியது:

நீலக்குறிப்பேடு, உங்களுக்கு நேர்ந்தது நியாயமில்லை. "தேவையில்லை" என்பதற்கு மேல் இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். நானும் அப்படி ஒரு வரியில் முடித்தவன்தான் ஒரு காலத்தில். இப்போது படிக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

மௌனத்தைப் பற்றி. இரண்டு வாரம் பொறுத்து, பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். மேலும் இரண்டு வாரம் பொறுத்து இன்னொன்று. பெரிய வேலையாக இருந்தால், தொடங்கும் முன்பே இப்படிச் செய்யலாமா என்று ஐந்து வரியில் கேட்டுவிடுங்கள். இரண்டு வார உழைப்பு வீணாவதை அந்த ஐந்து வரி தடுத்திருக்கக்கூடும்.

ஆனால் நினைவூட்டலுக்கும் நெருக்குதலுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. எக்ஸ்இசட் விவகாரத்தை இங்கே பலர் அறிவீர்கள். கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரலகம், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் இயங்குதளத்திலும் உண்டு. அதைத் தன்னார்வமாகப் பராமரித்தவர் ஒரே ஒருவர், நீண்டநாள் மனநலச் சிக்கல்களோடு இருந்தவர். 2022-இல் அவரை நோக்கி முகம் தெரியாத பெயர்களிலிருந்து மடல்கள் வந்தன: ஏன் தாமதம், பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று. அதே வேளையில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, நல்ல பேட்ச்களாகவே அனுப்பிக்கொண்டிருந்தார். பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைய வழிசெய்யும் பின்வாசல் ஒன்று நுழைந்துவிட்டது.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற தரவுத்தள நிரலாளர். டெபியனின் நிலையற்ற கிளையில் வேறு ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினியை அணுக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைவது ஏறத்தாழ அரை வினாடி அதிகம் பிடித்தது. அரை வினாடிதானே என்று அவர் விடவில்லை. தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான வெளியீட்டை அது எட்டவே இல்லை.

எறும்பு தம்பி, நிலையற்ற கிளையை ஒரு மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பாருங்கள் என்று முதல் பதிலில் சொன்னேனே, அது ஒதுக்கிக் கொடுத்த எடுபிடி வேலை இல்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றினால் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டாலும் சொல்லுங்கள்.

—

நீலக்குறிப்பேடு எழுதியது:

ஐந்து வரியில் முன்கூட்டிக் கேட்பது, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நன்றி ஐயா. ஆனால் எக்ஸ்இசட் கதைக்குப் பிறகு புதிய முகங்களை எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்க மாட்டார்களா?

—

பழைய விசைப்பலகை எழுதியது:

கொஞ்சம் பார்க்கிறார்கள். அதைத் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது புதியவர் செய்யக்கூடிய பெரிய உதவி. உங்கள் பேட்ச்சைத் துருவிக் கேள்வி கேட்டால், அவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார் என்று பொருள்.

—

எறும்பு எழுதியது:

உறுப்பினர் ஆவது என்பது என்ன? பதவிக்காகக் கேட்கவில்லை. எந்தப் படியில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் யாரிடம் என்ன கேட்கலாம் என்று புரியும்.

—

பழைய விசைப்பலகை எழுதியது:

டெபியனில் பங்களிக்க எந்தப் பட்டமும் வேண்டாம். அதற்கு மேல் இரண்டு படிகள். டெபியன் பராமரிப்பாளர் என்பது 2007-இல் வந்த நிலை. உங்களுக்கு அனுமதித்த பொதிகளை மட்டும் நீங்களே பதிவேற்றலாம். அடுத்தது டெபியன் மேம்பாட்டாளர், முழு உறுப்பினர்; வாக்குரிமை உண்டு, திட்டத் தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்கள்தான். ஏறத்தாழ ஆயிரம் பேர். 2010-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, பொதி எதையும் பதிவேற்றாத மொழிபெயர்ப்பாளர், ஆவணக்காரர் போன்றோரும் முழு உறுப்பினராக வழி திறந்தது. வைகறை போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்களுக்காக ஏற்கெனவே உறுப்பினரான ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். மறையாக்கச் சாவியில் உறுப்பினர்களின் கையொப்பம் வேண்டும். வழக்கமாக நேரில் சந்தித்து அடையாளத்தைச் சரிபார்த்துத் தருவார்கள். பிறகு ஒருவர் உங்களோடு மடல் வழியாகக் கேள்வி பதில் நடத்துவார். உரிமம், தத்துவம், நடைமுறை எல்லாம் வரும். மாதக்கணக்கில் நீளலாம். அவசரப்பட ஒன்றுமில்லை.

—

முனையம் எழுதியது:

ஒப்பிட்டுப் பார்க்க: ஃப்ரீபிஎஸ்டி என்னும் வேறோர் இயங்குதளத்தில், மூல நிரல் இருக்கும் களஞ்சியத்தில் நேரடியாக எழுதும் உரிமை கிடைத்த புதியவருக்கு ஒரு வழிகாட்டி ஒதுக்கப்படுவார். வழிகாட்டி விடுவிக்கும்வரை ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் ஒப்புதல் வேண்டும். ஃபெடோரா என்னும் மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தில் பொதியாளர் ஆக ஒரு புரவலர் தேவை. ஆனால் அங்கே நிரலறியாதவருக்கு நல்ல வாசல் ஒன்று உண்டு: வெளியாகக் காத்திருக்கும் புதுப்பிப்புகளை நிறுவிப் பார்த்து, வேலை செய்கிறது அல்லது இல்லை என்று வாக்களிக்கலாம். அந்த வாக்கு வெளியீட்டின் வேகத்தையே மாற்றும்.

—

பழைய விசைப்பலகை எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டேன். விலகுவது எப்படி என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். என் வீட்டில் நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தபோது எட்டு மாதம் என் பொதிகளைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. திரும்பி வந்தபோது, ஒரு பயனர் ஐந்து முறை எழுதிக் காத்திருந்து ஓய்ந்து போயிருந்தார். ஒரு வரி எழுதியிருந்தால் வேறொருவர் எடுத்துக்கொண்டிருப்பார். பொதியை ஆதரவற்றது என்று அறிவிக்கவும், உதவி தேவை என்று கேட்கவும் டெபியனில் முறைப்படியான குறிகளே உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதில் தலைக்குனிவு கிடையாது. சொல்லாமல் மறைவதுதான் மற்றவரை வருத்தும்.

—

எறும்பு எழுதியது (ஆறு வாரம் கழித்து):

திரும்பி வந்துவிட்டேன்.

நாள்தோறும் அலுவலகத்தில் திறக்கும் பிடிஎஃப் பார்வைச் செயலியை எடுத்துக்கொண்டேன். ஆறு வாரத்தில் 14 வழுக்களைப் பார்த்தேன். ஒன்பது இப்போது நடக்கவில்லை. பதிப்பு எண்ணோடு எழுதினேன். பராமரிப்பாளர் அவற்றில் ஏழை மூடினார், இரண்டில் மேலும் விவரம் கேட்டார். நான்கு இன்னும் நடக்கின்றன.

மீதி ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும். இரட்டைப்படைப் பக்கங்களை மட்டும் அச்சிடச் சொன்னால் கடைசிப் பக்கம் விடுபடுகிறது. பழைய பதிப்பில் சரியாக இருந்தது. இரண்டு பதிப்புகளுக்கும் இடையே 1,100 மாற்றங்களுக்கு மேல். தூக்கணாங்குருவி தனிமடலில் கிட் பைசெக்ட் என்னும், உடைத்த மாற்றத்தைத் தேடும் கட்டளையைப் பற்றிச் சொன்னார். படித்ததும் சிரித்துவிட்டேன், மகிழ்ச்சியில். பேரேட்டில் கூட்டு உதைக்கும்போது நாங்கள் செய்வதே இதுதான்: பாதியாகப் பிரி, எந்தப் பாதியில் உதைக்கிறது பார், அதை மறுபடி பாதியாக்கு. பதினொரு சோதனைகளில் அந்த ஒற்றை மாற்றம் கையில் வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் மூல நிரலிலிருந்து செயலியைத் தொகுக்க வேண்டியிருந்ததால் இரண்டு வார இறுதிகள் பிடித்தன. தேவையான நிரலகங்கள் அனைத்தையும் டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட்டின் ஒரே கட்டளை இறக்கிக் கொடுத்துவிட்டது. அது தெரியாமல் முதல் நாள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

திருத்தம் நான் எழுதவில்லை. எந்த மாற்றத்தில் உடைந்தது என்று மட்டும் மூலத் திட்டத்துக்கு எழுதினேன். நான்காம் நாள் அவர்களே சரிசெய்தார்கள். வழுவைக் கண்டறிந்தவர் என்று என் பெயரைக் குறிப்பில் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

—

பழைய விசைப்பலகை எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி. அந்த வழுவின் பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். முதலில் எந்தப் பதிப்பில் வந்தது என்ற குறி டெபியன் தளத்தில் இன்னும் இடப்படவில்லை. உங்களுக்குத்தான் இப்போது அது தெரியும். வழுத்தளத்தின் கட்டுப்பாட்டு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு வரி அனுப்புங்கள். நிலையான வெளியீட்டில் இருக்கும் பதிப்பும் இதில் அடங்குமா என்று அதை வைத்துத்தான் தளம் கணக்கிடும்.

—

நீலக்குறிப்பேடு எழுதியது:

எறும்பு, இன்னும் நடக்கும் அந்த நான்கு வழுக்களின் எண்களை இங்கே போட முடியுமா? ஓராண்டுக்குப் பிறகு ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இந்த முறை முதலில் ஐந்து வரி எழுதிக் கேட்டுவிட்டு.

—

எறும்பு எழுதியது:

பதிப்புக் குறி அனுப்பிவிட்டேன் ஐயா, தளம் ஏற்றுக்கொண்டதாக மடல் வந்தது.

நீலக்குறிப்பேடு, எண்களைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள், நீள்தாளில் ஓரம் வெட்டுப்படும் வழு. எப்போது நடக்கிறது, எப்போது நடக்கவில்லை என்று எட்டுக் கோப்புகளை வைத்துச் சோதித்து எழுதியிருக்கிறேன். ஏன் என்பது எனக்கு எட்டவில்லை. கோப்புகளையும் இணைத்திருக்கிறேன்.